லண்டன்ல ஒரு வாரம் நாடகம் பார்க்கப் போறீங்களா, எதை எடுக்கறது எதை விடறதுன்னு முடிவு பண்ற விதம்

லண்டன் போறோம், ஒரு வாரம் இருப்போம், நாடகம் பார்க்கணும்னு ஆசை, எதைப் பார்க்கறதுன்னு தெரியலைன்னு நிறைய பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க. கேட்கும்போதே கையில ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல முதல் மூணு எப்பவும் ஒண்ணுதான். 1952லேர்ந்து ஓடற மவுஸ்ட்ராப், 1985ல ஆரம்பிச்ச லே மிசரபிள்ஸ், 1986ல ஆரம்பிச்ச ஃபாண்டம். மூணும் நல்லாவே இருக்கும், நான் குறை சொல்ல வரலை, ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, நாப்பது வருஷமா ஓடறது நீங்க அடுத்த தடவை வரும்போதும் ஓடிட்டுத்தான் இருக்கும். அதே வாரம் எங்கயோ ஒரு இருநூத்தம்பது சீட் அரங்கத்துல ஒரு புது நாடகம் போயிட்டிருக்கும், அது சில வாரத்துல முடிஞ்சிடும், செட்டைப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க, அந்த நடிகர்கள் வேற வேலைக்குப் போயிடுவாங்க, அப்புறம் அந்த நாடகத்தை அந்த ஆட்களோட எங்க தேடினாலும் கிடைக்காது.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, முதல்ல எது ஃபேமஸ்னு பார்க்காதீங்க, எது சீக்கிரம் போயிடும்னு பாருங்க. ஒவ்வொரு நாடகத்தோட புக்கிங் பக்கத்துலயும் கடைசி தேதி போட்டிருப்பாங்க. நீங்க போற வாரத்துல என்னென்ன ஓடுதுன்னு எழுதிக்கிட்டு பக்கத்துல அந்தக் கடைசி தேதியை எழுதுங்க, அடுத்த வருஷம் வரைக்கும் தேதி நீளமா இருக்கறதெல்லாம் கீழ போகட்டும், ரெண்டு மாசத்துல முடியறது மேல வரட்டும், இதைச் செஞ்சாலே லிஸ்ட் தலைகீழா மாறிடும். இன்னொண்ணு, நேஷனல் தியேட்டர்ல 2009லேர்ந்து நாடகங்களைப் படம் பிடிச்சு சினிமா தியேட்டர்கள்ல காட்டறாங்க, 2020 டிசம்பர்லேர்ந்து வீட்ல உட்கார்ந்து பார்க்கற ஆன்லைன் சேவையும் வச்சிருக்காங்க. ரெண்டு நாடகத்துக்கு நடுவுல மனசு ஊசலாடினா, படம் பிடிக்கப் போறோம்னு ஏற்கெனவே அறிவிச்சதை விட்டுட்டு மத்ததை எடுங்க. நேர்ல பார்க்கற மாதிரி வராதுதான், ஆனா ஒண்ணுமே கிடைக்காம போறதுக்கு அது மேல்.

எத்தனை நாடகம் பார்க்க முடியும்ங்கற கணக்கையும் முதல்லயே போட்டுடுங்க. பெரும்பாலான இடங்கள்ல வாரத்துக்கு 8 ஷோ, ராத்திரி ஷோ ஏழு ஏழரைக்கு, மேட்டினி ரெண்டு ரெண்டரைக்கு. மேட்டினி பொதுவா புதன் இல்லை வியாழன், அப்புறம் சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை நிறைய இடம் லீவு. அப்போ திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஆறு ராத்திரி, மூணு மேட்டினி, மொத்தம் ஒன்பது. ஒன்பதும் பார்க்கலாம், பார்த்தவங்களும் இருக்காங்க, ஆனா அஞ்சுக்கு மேல போனா கதைகள் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்ங்கறது என் அனுபவம். அஞ்சு போதும், அந்த அஞ்சும் ஒரே மாதிரி இல்லாம பார்த்துக்கணும்.

ஒரே மாதிரி இல்லாமன்னா, நிறைய பேர் ஒரு காமெடி, ஒரு சோகம், ஒரு மியூசிகல்னு பிரிப்பாங்க. நான் அப்படிப் பிரிக்கறதில்லை, அரங்கத்தோட அளவை வச்சுப் பிரிப்பேன். ஒரு நாடகம் உங்க மேல என்ன பண்ணும்ங்கறதுல பாதி அந்த ரூம்தான். டிரூரி லேன்ல இருக்கற தியேட்டர் ராயல்ல கிட்டத்தட்ட 2,000 பேர் உட்காரலாம், இப்ப இருக்கற கட்டடம் 1812ல திறந்தது, ஆனா அந்த இடத்துல 1663லேர்ந்தே நாடகக் கொட்டகை இருந்திருக்கு. அங்க பாட்டும் ஆட்டமும் பெரிய செட்டுமா பார்த்தா அள்ளிக்கிட்டுப் போகும். அங்கேர்ந்து நடந்தே போற தூரத்துல கோவென்ட் கார்டன்ல டான்மார் வேர்ஹவுஸ், மொத்தமே 251 சீட். இஸ்லிங்டன்ல அல்மெய்டா, 325. ஸ்லோன் ஸ்கொயர்ல ராயல் கோர்ட், கீழ ஒரு அரங்கம், மாடியில தொண்ணூறு பேர் மட்டும் உட்காரக்கூடிய இன்னொண்ணு. தேம்ஸ் கரையில நேஷனல் தியேட்டர், அதுல ஒரே கட்டடத்துக்குள்ள மூணு அரங்கம், 1,100 பேருக்கு மேல பிடிக்கற விசிறி மாதிரி விரிஞ்ச ஒலிவியர், மேடையை நேரெதிரா உட்கார்ந்து பார்க்கற லிட்டில்டன், சின்னதா டார்ஃப்மன். ஒரு பெரிய அரங்கம், ஒரு நடுத்தரம், ரெண்டு சின்னது, அப்புறம் ஷேக்ஸ்பியர் காலத்து மாதிரியில கட்டின குளோப், இப்படி எடுத்தீங்கன்னா அஞ்சும் அஞ்சு அனுபவமா இருக்கும்.

சின்ன அரங்கத்தை நான் ஏன் ரெண்டு தரம் சொல்றேன்னா ஒரு தடவை நடந்ததைச் சொல்றேன். ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன், மேடையில நிஜமான அடுப்பு, ஒரு அம்மா முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு நிஜமாவே வெங்காயம் வதக்கறாங்க, அந்த வாசனை வந்ததும் எங்க வரிசையில எல்லாருக்கும் பசியே வந்துடுச்சு. பையன் உள்ள வந்து ஒரே ஒரு வரி சொல்றான். அவங்க கையில கரண்டி அப்படியே நின்னுடுச்சு, அவங்க திரும்பலை, ஒண்ணும் பேசலை, மெதுவா வெங்காயம் தீயற வாசனை எங்க மூக்குக்கு வருது, அவங்க இன்னும் அடுப்பை அணைக்கலை, யாராவது எழுந்து போய் அதை அணைங்களேன்னு எனக்கு உள்ளுக்குள்ள துடிக்குது. அந்த அம்மாவோட முகத்தை நாங்க பார்க்கவே இல்லை, ஆனா அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சது. இதை 2,000 பேர் உட்கார்ற இடத்துல பண்ணவே முடியாது, கேமரா வச்சுக் காட்டவும் முடியாது.

குளோப் தனி ரகம். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கத்தை மாதிரியா வச்சு திரும்பக் கட்டி 1997ல திறந்தாங்க, அதுக்காகப் பல வருஷம் பாடுபட்ட அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் அதைப் பார்க்காமலே 1993ல இறந்துட்டார். கூரைக்குப் புல் வேய்ஞ்சிருப்பாங்க, 1666 பெருந்தீக்கு அப்புறம் லண்டன்ல அப்படிக் கூரை போட அனுமதி கிடைச்ச முதல் கட்டடம் அதுதான். நடுவுல முற்றம் திறந்த வெளி, அங்க சுமார் 700 பேர் நின்னுக்கிட்டே பார்க்கலாம். அந்த நிக்கற டிக்கெட் ரொம்ப வருஷம் 5 பவுண்டா இருந்தது, இப்பவும் ஊர்லயே சல்லிசான டிக்கெட்டுகள்ல ஒண்ணு. என்னைக் கேட்டா கால் ஒத்துழைக்கறவங்க எல்லாரும் நின்னுதான் பார்க்கணும், மேல கேலரியில உட்கார்றதைவிட அதுதான் சரியான இடம். சீக்கிரமே போய் மேடையை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா விளிம்புல கையை ஊனிக்கிட்டு சாய்ஞ்சு நிக்கலாம், நடிகர் உங்க தலைக்கு மேல நின்னு உங்க கண்ணைப் பார்த்தே பேசுவார், கூட்டத்துக்கு நடுவுல வழி விலக்கிக்கிட்டு ஓடுவாங்க. மழை பெய்ஞ்சாலும் நாடகம் நிக்காது, குடை விரிக்கக் கூடாது, முற்றத்துல தரையில உட்காரவும் விட மாட்டாங்க, அதனால ரெயின்கோட்டும் நல்ல ஷூவும் கட்டாயம். திறந்த வெளி நாடகம் பெரும்பாலும் வெயில் காலத்துலதான். குளிர் காலத்துல போனா அதே வளாகத்துல 2014ல திறந்த வானமேக்கர் பிளேஹவுஸ் இருக்கு, முழுக்க மரத்தால ஆன சின்ன உள்ளரங்கம், மெழுகுவத்தி வெளிச்சத்துல நடிப்பாங்க, அதையும் விட்டுடாதீங்க.

இப்ப யார் நடிக்கறாங்கங்கற விஷயத்துக்கு வரேன், ஏன்னா பெரும்பாலானவங்க காசு விடறது இங்கதான். சினிமா ஸ்டார் மேடையில நிக்கறார்னா டிக்கெட் விலை எகிறிடும், எல்லாரும் அதுக்கே ஓடுவாங்க. நல்ல சினிமா நடிகர் நல்ல மேடை நடிகராவும் இருக்கலாம், ஆனா அது தானா வந்துடாது, அவர் இதுக்கு முன்னாடி மேடையில என்னென்ன பண்ணியிருக்கார்னு ஒரு அஞ்சு நிமிஷம் தேடிப் பாருங்க. புக்கிங் பக்கத்துல இந்தெந்த தேதியில அவர் நடிக்க மாட்டார்னு போட்டிருந்தா அதையும் பார்த்துட்டு வாங்குங்க, அப்புறம் வருத்தப்பட்டு பிரயோஜனமில்லை. நடிகரைவிட எழுதினவங்க யாரு, இயக்கினவங்க யாருன்னு பார்த்துப் போறதுதான் எனக்கு அதிகமா பலன் கொடுத்திருக்கு. ராயல் கோர்ட் 1956லேர்ந்து புது எழுத்தாளர்களுக்குன்னே இருக்கற இடம், அங்க 2007ல சென்னையைச் சேர்ந்த அனுபமா சந்திரசேகர் எழுதின, சென்னையிலயே நடக்கற நாடகத்தைப் போட்டாங்க, இயக்கினது இந்து ரூபசிங்கம். அதே ரெண்டு பேர் சேர்ந்து 2022ல நேஷனல் தியேட்டரோட பெரிய ஒலிவியர் மேடையில கோட்சேயைப் பத்தின நாடகத்தைப் போட்டாங்க, அடுத்த வருஷம் திரும்பவும் வந்தது. இந்து ரூபசிங்கம் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்துல பிறந்தவங்க, 2025ல நேஷனல் தியேட்டருக்கே டைரக்டர் ஆகிட்டாங்க, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவங்கதான். இதை எழுதும்போதே எனக்குப் பெருமையா இருக்கு. இப்படி ஒரு எழுத்தாளரையோ இயக்குநரையோ பிடிச்சிடுச்சுன்னா அந்தப் பேரைக் குறிச்சு வச்சுக்கிட்டு, அடுத்து எந்தச் சின்ன அரங்கத்துல அவங்க வேலை வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு டிக்கெட் போடலாம்.

விமர்சனம் படிங்க, ஆனா போஸ்டர்ல போட்டிருக்கற நட்சத்திர மதிப்பெண்ணை நம்பாதீங்க. நல்லா இருக்குன்னு சொன்ன பத்திரிகையோட நட்சத்திரத்தைத்தான் போடுவாங்க, ரெண்டு நட்சத்திரம் கொடுத்தவங்க பேரு அங்க வரவே வராது. கார்டியன், டைம் அவுட், தி ஸ்டேஜ் மாதிரி நாலு இடத்துல முழு விமர்சனத்தையும் படிச்சுப் பாருங்க, நாலு பேரும் ஒரே மாதிரி மூணு நட்சத்திரம் கொடுத்ததைவிட, ரெண்டு பேர் அஞ்சும் ரெண்டு பேர் ரெண்டும் கொடுத்து அடிச்சுக்கிட்ட நாடகம்தான் எனக்கு எப்பவும் பிடிச்சிருக்கு, ஏன்னா அதுல ஏதோ ஒண்ணு இருக்கு, அதான் சண்டை போடறாங்க. பிரிவியூன்னு போட்டிருந்தா விமர்சகர்கள் இன்னும் வரலைன்னு அர்த்தம், பல இடத்துல விலை குறைவா இருக்கும், நாடகத்தை இன்னும் செதுக்கிட்டிருப்பாங்க, ஒரு காட்சி நாளைக்கு இருக்காமலும் போகலாம். பிடிச்ச எழுத்தாளர்னா பிரிவியூவுக்குத் தாராளமா போங்க, தெரியாத பேருன்னா விமர்சனம் வர்ற வரைக்கும் பொறுங்க.

மொழி விஷயத்தைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க, ஆனா நமக்கு இது முக்கியம். நல்லா இங்கிலீஷ் பேசறவங்களுக்கே யார்க்‌ஷயர் வழக்கோ கிளாஸ்கோ வழக்கோ வேகமா வந்தா முதல் இருபது நிமிஷம் பிடிபடாது, ஷேக்ஸ்பியர்னா கேட்கவே வேண்டாம். காது கேட்காதவங்களுக்காக சில தேதிகள்ல வசனத்தை ஓரமா திரையில ஓட விடுவாங்க, கேப்ஷண்ட் பெர்ஃபார்மன்ஸ்னு காலண்டர்ல போட்டிருக்கும், அந்தத் தேதியில யார் வேணும்னாலும் டிக்கெட் வாங்கலாம், திரை தெரியற பக்கமா சீட் எடுத்துக்கோங்க. நேஷனல் தியேட்டர்ல வசனம் கண்ணுக்கு முன்னாடி ஓடற மூக்குக் கண்ணாடி கூட 2018ல கொண்டு வந்தாங்க, இப்ப கிடைக்குதான்னு கேட்டுக்கோங்க. புது நாடகமா இருந்தா வசனம் முழுக்க அச்சுப் போட்ட புத்தகம் அரங்கத்துலயே விப்பாங்க, பார்த்துட்டு வந்து படிச்சா விட்டுப்போனதெல்லாம் பிடிபடும். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் போறதுக்கு முன்னாடியே கதையைப் படிச்சுட்டுப் போங்க, அவர் நாடகத்துல கதை தெரிஞ்சு போறதால ஒரு நஷ்டமும் இல்லை. அந்த ஊர் அரசியலையும் டிவியையும் கிண்டல் பண்ற காமெடியை மட்டும் விட்டுடுங்க, சுத்தி எல்லாரும் சிரிக்கும்போது நாம மட்டும் உட்கார்ந்திருக்கறது கஷ்டம்.

அடுத்து தூக்கம். இந்தியாவிலேர்ந்தோ இலங்கையிலேர்ந்தோ போறவங்களுக்கு லண்டன்ல ஏழரை மணி ஷோன்னா வெயில் காலத்துல நம்ம உடம்புக்கு ராத்திரி பன்னெண்டு, குளிர் காலத்துல ஒரு மணி. பத்து மணிக்கு நாடகம் உச்சத்துக்கு வரும்போது நம்ம உடம்புக்கு விடியக்காலை ரெண்டரையோ மூணரையோ. எவ்வளவு நல்ல நாடகமா இருந்தாலும் கண்ணு சொருகிடும், எவ்வளவோ ஆசைப்பட்டு டிக்கெட் போட்டு அப்படி ஒரு கடைசிக் காட்சியை நான் தவறவிட்டிருக்கேன், இன்னிக்கும் அந்த வருத்தம் போகலை. அதனால போய் இறங்கின அன்னிக்கு ஒண்ணும் வேண்டாம், முதல் ரெண்டு நாள்ல மேட்டினி கிடைச்சா அதை எடுங்க, ரெண்டரை மணிங்கறது நம்ம உடம்புக்கு சாயங்காலம் ஏழு எட்டுதான், நல்லா முழிச்சிருப்பீங்க. பாட்டும் சத்தமும் இருக்கறதை முதல்ல வைங்க, ரெண்டு பேர் மேஜையில உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கற நாடகத்தை வாரக் கடைசிக்குத் தள்ளுங்க. எவ்வளவு நேரம்னு பாருங்க, இப்பல்லாம் ஒன்றரை மணி நேரம் இடைவேளையே இல்லாம போறது நிறைய வருது, நடுவுல வெளிய போனா பல இடத்துல திரும்ப உங்க சீட்டுக்கு விட மாட்டாங்க, லேட்டா போனாலும் அவங்க சொல்ற இடைவெளி வர்ற வரைக்கும் வெளியதான் நிக்கணும். ஒரே நாள்ல ரெண்டு பார்க்கறதா இருந்தா ஒண்ணு கனமா ஒண்ணு லேசா வச்சுக்கோங்க, ரெண்டும் கனமா இருந்தா ரெண்டாவதுக்கு நியாயம் பண்ண முடியாது.

சீட் பத்தி சுருக்கமா. லண்டனோட பெரிய தியேட்டர் வட்டாரமான வெஸ்ட் எண்ட்ல இருக்கற பழைய தியேட்டர்கள் நூறு வருஷத்துக்கும் மேல ஆனது, தூண் இருக்கும், மேல் மாடி செங்குத்தா இருக்கும், முட்டி இடிக்கும். ரெஸ்ட்ரிக்டட் வியூன்னு போட்டிருந்தா ஏன்னு கேளுங்க, ஒரு ஓரம் மட்டும் மறைக்கறதா இல்லை நடு மேடையே தூணுக்குப் பின்னாடி போறதான்னு. ஒரு தியேட்டர்ல எனக்கு முழு விலைக்கு வித்த சீட்லேர்ந்து மேடையோட இடது பக்கம் பாதி தெரியலை, நாடகத்துல முக்கியமான கதவு அங்கதான் இருந்தது, யார் உள்ள வராங்கன்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். தியேட்டர்மங்கி, சீட்பிளான்னு சீட் சீட்டா எழுதி வச்ச சைட்டுகள் இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி அதுல பாருங்க. வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா நிறைய தியேட்டர்ல ஸ்டால்ஸ்ங்கற கீழ்த்தள சீட் தெரு மட்டத்துக்குக் கீழ, படி இறங்கித்தான் போகணும், அதுக்கு அடுத்த தளமான டிரஸ் சர்க்கிள்தான் வாசலுக்கு நேரா இருக்கும், போன் பண்ணிக் கேட்டா தெளிவா சொல்லுவாங்க.

டிக்கெட்டை எல்லாம் ஒரே நாள்ல வாங்காதீங்க. சின்ன அரங்கத்து டிக்கெட் முதல்ல தீரும், அதை ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தியேட்டரோட சொந்த சைட்லயே போட்டுடுங்க. குளோப்புக்கும் முன்னாடியே போடலாம். பெரிய மியூசிகலை அங்க போய்ப் பார்த்துக்கலாம், லெஸ்டர் ஸ்கொயர்ல டிகேடிஎஸ் கவுண்டர் 1980லேர்ந்து இருக்கு, தள்ளுபடியில அன்னிக்கும் அடுத்த சில நாளுக்கும் டிக்கெட் கிடைக்கும், அதைச் சுத்தி பாதி விலைன்னு போர்டு மாட்டின மத்த கடைகள் நிறைய இருக்கு, பேரைப் பார்த்துட்டுப் போங்க. டுடேடிக்ஸ் ஆப்ல சில நாடகத்துக்கு அன்னிக்குக் காலைல ரஷ்னு குறைஞ்ச விலை டிக்கெட் விடுவாங்க, நேஷனல் தியேட்டர்ல வெள்ளிக்கிழமை மதியம் ஃப்ரைடே ரஷ், ராயல் கோர்ட்ல திங்கட்கிழமை ஷோ குறைஞ்ச விலை.

கடைசியா ஒண்ணு, அஞ்சுல நாலை மட்டும் முடிவு பண்ணுங்க, ஒரு ராத்திரியைக் காலியா விடுங்க. அங்க போய் இறங்கினதுக்கு அப்புறம்தான் ஊர்ல எதைப் பத்திப் பேசறாங்கன்னு தெரியும். இன்டர்வல்ல பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட இந்த மாசம் பார்த்ததுல எது பிடிச்சதுன்னு கேளுங்க, லண்டன்காரங்க ட்ரெயின்ல பேசாட்டியும் தியேட்டர்ல நல்லாப் பேசுவாங்க. ஒரு தடவை வெள்ளை முடி வச்ச ஒரு பாட்டியம்மா, தனியா வந்திருந்தாங்க, நான் கேட்டதும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு என் டிக்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பேரை எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை முடியுது, டிக்கெட் இல்லைம்பாங்க, நேர்ல போய் ரிட்டர்ன்ஸ், அதாவது வாங்கினவங்க திருப்பிக் கொடுத்த டிக்கெட், கேளுன்னு சொன்னாங்க. மறுநாள் காலைல கவுண்டர் திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன், ஒரே ஒரு சீட் திரும்பி வந்திருந்தது, ரெண்டாவது வரிசையில, அடுப்புக்கு நேரா.